இஸ்திரிப் பெட்டி விழுந்த சுவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் வலது கை ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தை, உன் அம்மா சமையலறையில் உன்னோடு குசுகுசுவென்று போனில் பேசிவிட்டு வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் இரண்டு வருடமாக நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கையில் முழங்கை வரை மாவுக்கட்டு, ஆகவே நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (மாற்ற மாட்டேன் அண்ணா, சேர்ப்பேன். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அப்பாவின் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.)

கூடத்துச் சுவர்களை நீ மறந்திருக்க மாட்டாய். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் கால் இறங்கிய பள்ளம், ஜன்னலுக்குக் கீழே ஸ்பேனர் கிழித்த கோடு, உன் அம்மாவைக் குறிபார்த்து அவளுக்கு ஒரு விரல் தள்ளிப் போன செம்பின் வடு, எல்லாம் என் கைவேலை. வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீ வீட்டைவிட்டுப் போன அன்று நான் வீசிய இஸ்திரிப் பெட்டி. நீ குனிந்தாய், நிமிர்ந்தாய், என்னை ஒரு பார்வை பார்த்தாய், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கே உன் அம்மா அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள், வருடம் இரண்டு மாறியும் அந்தக் காலண்டரைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. உன்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆறு மாதமாகவே எண்ணம், ஆனால் இந்தச் சுவர்களுக்கு நடுவே எந்த முகத்தோடு வா என்று சொல்வது. கொத்திப் புதிதாகப் பூச நம் கைக்கு எட்டாத தொகை கேட்டார்கள். அப்போதுதான் உன் மாமா, எதுக்கு மச்சான் வீண் செலவு, மேடும் பள்ளமுமா வால்பேப்பர்னு ஒண்ணு வருது, நாமளே ஒட்டிக்கலாம், சுவத்துல யானையே இடிச்சிருந்தாலும் வெளிய தெரியாது என்றார். (ஏற்கெனவே ஒரு வால் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு வாலா என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்.)

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாமான்களை நடுவில் தள்ளிவிட்டு ஆரம்பித்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முந்தின நாளே ப்ரைமர் அடித்துக் காயவைத்திருந்தோம். நான் தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போட்டேன், மாமா அளந்து வெட்டினார், உன் அம்மா பசையைக் கட்டியில்லாமல் கரைத்தாள். இந்தக் காகிதத்தில் ஒரு சங்கடம், அழுத்தித் தேய்த்தால் புடைப்பெல்லாம் படுத்துவிடும், குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி தடவ வேண்டும். இரண்டு இடத்தை நான் படுக்கப் போட்டதும், உங்க கைக்கு இது ஆகாது, தள்ளுங்க என்று அவள் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் மூன்று சுவர் முடிந்து, இது நம் வீடுதானா என்று இருந்தது. பெரிய குழிகளைப் பட்டி வைத்து அடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார், மற்ற பள்ளங்களை அவர் சொன்னபடியே அடைத்தோம். காலண்டர் இருந்த இடத்துக்கு வரும்போது பட்டி தீர்ந்துவிட்டது. காகிதமே கனமா இருக்கு மச்சான், தாங்கும் என்று மாமா அந்தக் குழியின் வாயை மூடி மேளத்துக்குத் தோல் இழுத்த மாதிரி இழுத்து ஒட்டிவிட்டார்.

அடுத்த பட்டையை எடுத்துக்கொண்டு திரும்பியவர், பக்கத்து வெறும் சுவரில் பென்சிலால் என்னவோ எழுதியிருப்பதைப் பார்த்தார். உன் தங்கையின் வேலை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் உரக்கப் படித்தார், அண்ணன் தலை இருந்த இடம், கருவி இஸ்திரிப் பெட்டி, உபயம் அப்பா. (எல்லாப் பள்ளத்துக்கும் எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி ஒட்டி மூடிவிட்டாள்.) மாமா சிரித்தார். எனக்குக் கண் இருண்டது. பசை வாளியைத் தூக்கி வீசினேன், அதன் விளிம்பு அவர் புருவத்தைப் பிளந்தது, ரத்தமும் பசையுமாகப் புதுச் சுவரில் தெறித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அவர் அந்தக் குழிக்கு முதுகைக் காட்டி நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்து, அக்காவ அடிச்சீங்க, பெத்த புள்ளைய அடிச்சீங்க, மிச்சம் நான் ஒருத்தன்தானே, அடிங்க, வாங்க என்று கத்தினார். உன் அம்மா நடுவில் வந்தாள், அவளைத் தள்ளிவிட்டேன், சாமான்கள் மேல் விழுந்தாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவர் முகத்துக்கு ஒரு குத்து விட்டேன். அவர் குனிந்தார். நீ குனிந்த மாதிரியே.

என் முஷ்டி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அந்தக் குழிக்குள் போனது. சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. உடைந்த செங்கல் விளிம்பில் கை சிக்கிக்கொண்டது, இழுத்தால் உயிர் போனது, சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு நேரே அவளுடைய பென்சில் எழுத்து. காலண்டருக்குப் பின்னால் இருந்ததால் அந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. மணிக்கட்டு வரை உள்ளே போகிற ஆழம் பெரியவனே. செங்கல்லுக்கே அந்தக் கதி.

ஆஸ்பத்திரியில் நானும் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ரெண்டு பேரும் எந்த வண்டியில விழுந்தீங்க என்று கட்டுப் போடுகிற பெண் கேட்டாள், வால்பேப்பர் ஒட்டினோம்மா என்றார் மாமா. அவருக்கு நாலு தையல், எனக்கு மூன்று எலும்பு. உன் அம்மாவுக்குத் தோளில் ரத்தக்கட்டு, அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், எல்லாரும் குனியக் கத்துக்கிட்டாங்க, அதனாலதான் நீங்க இன்னும் ஜெயிலுக்கு வெளிய இருக்கீங்க என்றாள்.

என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் எழுதவில்லை. இஸ்திரிப் பெட்டியை மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கசங்கின சட்டையோடுதான் பட்டறைக்குப் போய்வருகிறேன். அந்தச் சுவரை மட்டும் இனி யாரும் மூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது, நீ வந்து பார்த்து ஒட்டலாம் என்றால் ஒட்டுவோம். வேலை இடத்தில் கையுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உன் அம்மாவிடம் இனி குசுகுசுவென்று பேச வேண்டாம், சத்தமாகவே பேசு. நீ எங்கே இருந்தாலும் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை வந்து போ. என்னை நம்பி வர வேண்டாம், இந்தக் கட்டை நம்பி வா.

(கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன் அண்ணா. முழுக்கப் படித்தார், அடைப்புக்குறிகளையும் சேர்த்து. எதையும் அடிக்கவில்லை. கீழே இருக்கும் கோணல் எழுத்து அவருடையதுதான்.)

இடது கையால்,
உன் அப்பா