சத்தம் வராத பெட்டி

ஐம்பது வயதிலும் எனக்குச் சின்னத் தம்பியாகவே இருந்த என் ரவிக்கு,

உன் கார் போய்விட்டது. முதலில் அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஹோர்சன்ஸிலிருந்து வேலையால் ஓய்வுபெற்ற ஒரு டேனிஷ்காரர் ட்ரெயிலரோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். மே மாதம், நல்ல வெயில். நீ இருந்திருந்தால் கூரைத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு என் வாசலில் வந்து ஹோர்ன் அடித்திருப்பாய்.

இப்போது ஒக்டோபர். டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்டில் மூன்று நாளாக விடாத மழை. உன் சாவீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்து, "நீங்கள் அவருக்குத் தாய்மாதிரி இருந்தனீங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவர்களுக்கெல்லாம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கும்தான். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

நீ குடித்தாய். சின்ன வயதிலிருந்தல்ல, தகரத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மாறிய பிறகு. உன் மனைவி வாணி இரண்டு தரம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிறகு ஒருநாள் நீயாகவே விட்டாய். விட்ட கையோடு இங்கிலாந்திலிருந்து ஒரு காரைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாய். இரண்டு பேர் இருக்கக்கூடிய, துணிக்கூரை மட்டும் உள்ள கார். சட்டம் ஒரு பெட்டியில், கண்ணாடிநார் உடம்பு இன்னொன்றில், ஆணியும் நட்டும் பொட்டலம் பொட்டலமாக. வாங்குகிறவனே எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம். "இதென்னடா விசர்?" என்று கேட்டேன். "கைக்கு வேலை வேணுமக்கா" என்றாய். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் பின்னேரங்களில் உன் கராஜில் வெளிச்சம் எரிந்தது. சபையில் ஒரு ஞாயிறு எழுந்து சாட்சி சொன்னாய். கர்த்தர் என்னைக் குடியிலிருந்து விடுவித்தார் என்று நீ சொன்னபோது முன்வரிசையில் இருந்து முதலில் கைதட்டியது நான்தான். பாஸ்டர் உன்னைக் கட்டிப்பிடித்தார். வாணி அழுதாள். உன் மகள் மாயாவுக்கு அப்போது பதினான்கு வயது, வெட்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரின் உள்வேலைக்கு என்னைக் கூப்பிட்டாய். உடுப்புத் தொழிற்சாலையில் இருபது வருடம் தைத்தவளுக்கு வேறென்ன தெரியும்? தொழிற்சாலை தையலை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனபோது நான் பழைய மெஷின் ஒன்றை வாங்கி நிலவறையில் வைத்திருந்தேன். சீற்றுக்குத் தோல், தரைக்குக் கம்பளம், கதவுக்கு உறை, எல்லாம் அதில்தான் தைத்தேன். அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமான நாட்கள், ரவி. அதை மறைத்து என்ன பயன்?

அந்தக் காரில் ஒரு சாமான் வைக்க இடமில்லை. டிக்கி இல்லை, முன்னுக்குப் பெட்டி இல்லை, கதவுக்குப் பூட்டுமில்லை. கடை வாசலில் விட்டால் போகிறவன் வருகிறவன் கையை விட்டு எதையும் எடுக்கலாம். அதனால் சீற்றுகளுக்குப் பின்னால், எண்ணெய்த் தாங்கிக்கு மேலே சும்மா கிடந்த இடைவெளியில் நீ அலுமினியத் தகட்டை மடித்து ஒரு பெட்டி செய்தாய். மூடியை நான் அதே கம்பளத்தால் போர்த்தினேன். மூட்டு தெரியாமல் அதன்மேல் தோல் விளிம்பு ஒன்று ஓடவிட்டேன். காந்தம் பிடித்துக்கொள்ளும். பெல்ட் ஆணிக்குப் பக்கத்தில் ஒளித்திருக்கும் நாடாவை இழுத்தால் திறக்கும். வருகிறவர்களிடமெல்லாம் "எங்கை இருக்கு, கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்று நீ பந்தயம் கட்டுவாய். பாஸ்டர்கூடத் தடவித் தடவித் தோற்றார்.

இரண்டாவது பெட்டியை நீ ஒருத்தருக்கும் காட்டவில்லை.

கார் பரிசோதனையில் பாஸாகி இலக்கத்தகடும் வந்த பிறகு, இலையுதிர்காலத்தில் அதைக் கேட்டாய். பக்கத்துச் சீற்றுக்குக் கீழே, ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் ஒரு குழி. தகட்டை நீயே வெட்டிப் பொருத்தியிருந்தாய்.

"இதுக்குள்ளை என்னத்தை வைக்கப்போறாய்?"

"சும்மா, சாவி, பேர்ஸ்… ஓடேக்கை கடகடவெண்டு சத்தம் போடும். நல்ல தடிப்பான ஃபெல்ட் போடக்கா. ஒரு சத்தமும் வரக்கூடாது."

ஃபெல்ட் என்ற அந்தத் தடித்த கம்பளித் துணியை நான் இரட்டையாக வைத்தேன். உள்ளே சாவிக்கொத்தைப் போட்டு நீ காரை ஆட்டிப் பார்த்தாய், நான் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. "உன்ரை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்றாய்.

அடுத்த கோடையில் தரைக் கம்பளம் ஒரு மூலையில் கிளம்பிவிட்டது என்று காரைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டாய். நீ உள்ளே உன் அத்தானோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், இருவரும் பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பது யன்னலால் கேட்டது. நான் சீற்றைக் கழற்றினேன். அதன் கீழிருந்த குழி மூடியின் தையலும் பக்கத்தில் விட்டுப்போயிருந்தது. ஒழுங்காகப் பிடித்துத் தைக்க வேண்டுமென்று மூடியைத் திறந்தேன்.

தட்டையான இரண்டு போத்தல்கள். ஒன்று பாதி. இரண்டுக்கும் நடுவில் மாயாவின் பழைய கம்பளிக் கையுறை, ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க.

எவ்வளவு நேரம் அப்படியே முழங்காலில் இருந்தேன் என்று தெரியாது. நீ உள்ளே சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு நான் மூடியை மூடினேன். என் தையல் பெட்டியில் கறுப்பு நூல் முடிந்திருந்தது, சாம்பல் நூலைக் கோர்த்து விட்டுப்போன இடத்தைத் தைத்தேன். சீற்றைத் திரும்பப் பூட்டினேன். உள்ளே வந்து உனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

ஏன் கேட்கவில்லை? இத்தனை மாதமாக நான் எனக்கே சொல்லும் காரணங்கள் பல. கேட்டால் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டாய் என்று பயந்தேன். கேட்டால் எனக்குத் தெரியாத மூன்றாவது இடம் ஒன்று செய்வாய், இதாவது எனக்குத் தெரிந்த இடம் என்று நினைத்தேன். அதெல்லாம் பாதி உண்மை. நீ திருந்திவிட்டாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அந்த வெட்கத்தை என்னால் சுமக்க முடியவில்லை. இதுதான் மிச்சப் பாதி.

இரண்டு கிழமை கழித்துச் சபை முடிந்து நானும் வாணியும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், உங்களுக்குத்தான் அவர் ஒண்டும் ஒளிக்கிறேல்லை. திரும்பத் தொடங்கிட்டாரோ? எனக்கு மணக்கிற மாதிரி இருக்கு."

"சீ, என்ன விசர்க்கதை. அவன் சாட்சி சொன்னவனல்லோ" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள், ரவி. நான் சொன்னதை நம்பி நிம்மதியாக மூச்சு விட்டாள். குழாயைத் திரும்பத் திறந்து மிச்சக் கோப்பைகளையும் கழுவினோம்.

ஜனவரியில் நீ குளியலறையில் இரத்தம் வாந்தி எடுத்தாய். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். ஈரல் முழுதும் போய்விட்டது, இது நாட்பட்ட குடி என்று டொக்டர் டேனிஷில் நேராகச் சொன்னார். மாயாவும் பக்கத்தில் நின்றாள். இந்த நாட்டில் டொக்டர்கள் சுற்றிவளைத்துச் சொல்வதில்லை. உன் கண் மஞ்சளாக இருந்தது. நான் கால் பிடித்துவிட்டேன். கார் நனையாமல் மூடியிருக்கிறதா என்று கேட்டாய். "ஓம்" என்றேன். நாம் கடைசியாகக் கதைத்தது அவ்வளவுதான்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். காரைப் பார்க்க ஆள் வருகிறது, உள்வேலை எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும் என்று வாணி கூப்பிட்டாள். வந்தவர் நல்ல மனுஷன். தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சாமான் வைக்க இடமில்லையே என்று கவலைப்பட்டார். நான் நாடாவை இழுத்துப் பின்பெட்டியைத் திறந்தேன். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

வாணி கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. இனிப் பொய் வேண்டாம் என்று சீற்றைத் தூக்கி இரண்டாவது மூடியையும் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அவர் ஃபெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, பிக்னிக் போகும்போது வைன் கிளாஸ்கள் வைக்கலாம், உடையாது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ட்ரெயிலர் தெரு முனையில் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கராஜ் நடுவில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"வாணி, நான் உனக்குப் பொய் சொன்னனான். அந்தக் கோடையிலையே நான் போத்திலைக் கண்டனான்."

"தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவர்தான் ஆஸ்பத்திரியிலை என்னட்டைச் சொன்னவர். முந்தி கறுப்பு நூலாம், நீங்கள் பிறகு சாம்பல் நூலாலை தைச்சிருந்தியளாம். கண்டவுடனை அவருக்கு விளங்கீட்டுதாம். அக்கா கேப்பா, கேப்பா எண்டு ஒவ்வொரு ஞாயிறும் பாத்துக்கொண்டு இருந்தவராம். கேட்டிருந்தா விட்டிருப்பன் எண்டவர்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாத்தனான். நான் கேட்டனான் மச்சாள். ஒருக்காலில்லை, பத்துத் தரம். என்னட்டை இல்லையெண்டு சத்தியம் பண்ணினவர். நான் கேட்டு விடாத மனுஷன் நீங்கள் கேட்டு விட்டிருப்பாரோ, எனக்குத் தெரியாது. ஆனா டொக்டரிட்டைக் கதைக்கவெண்டு நான் நேரம் எடுத்து வைச்சிருந்தனான். நீங்கள் சொன்ன சொல்லை நம்பி அதை வேண்டாமெண்டு விட்டனான்."

அவள் கராஜ் கதவை இழுத்து மூடினாள்.

"இனி நீங்கள் இஞ்சை வராதேங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். "மாயாவுக்கு இது தெரியாது. நான் சொல்லமாட்டன். அது உங்கடை வேலை."

கேட்டிருந்தால் விட்டிருப்பாயா, ரவி? குடிக்கிறவர்கள் பழியை இன்னொருவர் தலையில் இறக்க அப்படித்தான் சொல்வார்கள் என்கிறார் அத்தான். என்னைத் தேற்றச் சொல்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டு முடித்த பிறகும் எழும்பாமல் மேசையில் இருந்தாயே, அது எதற்காக? நான் கோப்பையை எடுக்க வரும்போது என்னை நிமிர்ந்து பார்ப்பாயே? இன்னொரு தேத்தண்ணிக்கு இருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். நான் கேட்கவேண்டும் என்று நீ காத்திருந்தாய், நான் கேட்காமல் இருந்தேன். இல்லாவிட்டால் நீ சும்மாதான் இருந்தாயா? இதில் எது உண்மை என்று இனி எனக்கு யார் சொல்வார்கள்?

சபைக்கு நான் இப்போது போவதில்லை. மெஷினை உறை போட்டு மூடிவிட்டேன். ஜெபம் பண்ணினால் மனம் ஆறும் என்று பாஸ்டர் வந்து சொன்னார். நல்லது என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மாயா மட்டும் இன்னும் வருகிறாள். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளில் நேரே என்னிடம் வருவாள். பதினேழு வயது, உன்னைப்போலவே நெற்றி. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு டேனிஷில் கேட்டாள்: "மாமி, அப்பா இவ்வளவு காலம் குடித்ததை ஒருத்தருமே காணவில்லையா?"

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி போட்டேன். அவளும் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். ஐந்து மாதமாக இப்படித்தான், ஒவ்வொரு வியாழனும் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளும் போய்விட்டால் உன் முகத்தில் பாதிகூட எனக்கு மிச்சமில்லை. அதனால்தான் வாய் திறக்கவில்லை. முன்பும் இப்படி ஒரு காரணம்தானே வைத்திருந்தேன்?

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை வியாழன். அவள் வந்து சப்பாத்தைக் கழற்றியதும், சாப்பாடு போடுவதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை எனக்குத் தெரிந்த உடைந்த டேனிஷில் அவளுக்கு வாசிப்பேன். ஒரு வரியையும் விடமாட்டேன். அவள் எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மறிக்கமாட்டேன், பின்னால் கூப்பிடவும் மாட்டேன். அவளுக்கு வாசித்த பிறகுதான் இதை வேறு யாரும் வாசிக்கக் கொடுப்பேன்.

இதனால் உனக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும், ராசா.

உன்னிடம் கேட்காமல் விட்ட,
உன் அக்கா பவா