காணிக்கை உறையில் எழுதாத காரணம்

இன்று காலை கோயிலுக்குப் புறப்படும்போது வேதாகம உறையின் ஜிப் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. காரணம் தெரிந்ததுதான். உள்ளே இருக்கும் உன் அட்டையின் மூலை அதில் மாட்டிக்கொள்கிறது. வாரம் தவறாமல் மாட்டும். நானும் வாரம் தவறாமல் உன்னை இரண்டு வார்த்தை திட்டி, விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு மூடுவேன். இன்று தள்ளவில்லை. வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போனேன். இப்போது வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லியாக வேண்டும்.

நீ என்னிடம் மாட்டிக்கொண்டது நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில். தங்கையை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், சிமென்ட் பெஞ்சில் காலிக் கூடையோடு நீ. நல்ல வெயில். உனக்கோ கையில் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது. மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி மேல் கொட்டாவி. "ஜலதோசம்டி" என்றாய். நர்ஸிங் பள்ளியில் மூன்று வருடம் ஒரே அறை, வளைகுடாவில் பதினொரு வருடம் ஒரே வார்டு. என்னிடமா ஜலதோஷக் கதை?

"ஏட்டி, நானும் நர்ஸுதான். எந்த மாத்திர? எத்தன வருசமா?"

நீ கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாய். அப்புறம் தலை நிமிராமல் சொன்னாய். "நம்ம ஊரு கருங்கல்ல எல்லா மருந்துக்கடையிலயும் மொகம் பழகிப்போச்சு. மார்த்தாண்டத்துலயும் சந்தேகப்படுதானுவ. அதான் இம்புட்டு தூரம் வந்தேன். இஞ்சயும் தரல்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். பிறகு உன் முதுகு நினைவுக்கு வந்தது. வளைகுடா வார்டில் அந்தப் பெரிய உடம்புக்கார நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றியது நாம் இருவரும்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது நான். மூன்றில் என் கை வழுக்கியது. பாரம் முழுவதும் உன் மேல் சாய்ந்தது. உன் முதுகெலும்பில் வட்டு விலகியது. அறுவை செய்தவர் சில வாரங்களுக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை அது. "வலி போச்சு மக்கா. மாத்திர போவல்ல" என்று அந்த பெஞ்சில் நீ சொன்னபோது, நான் உன் கூடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அதற்குப் பிறகு என் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் இடம் தேடிய நாட்களை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. வீட்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கிற மாவட்டத்தில் பிறந்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஓர் ஆஸ்பத்திரி தேடினோம். நெய்யூர் ஆஸ்பத்திரி என்றேன். "அங்க நம்ம நர்ஸிங் வகுப்புக்காரி இருக்கா. அவ வாய் தெரியுமில்லா?" நாகர்கோவிலில் உன் மதினியின் தங்கை. திருவனந்தபுரத்தில் பாட்டுக்குழுக்காரரின் மகள். வேலூரில் நம் ஊர் ஆட்கள் ஒரு சபையே நடத்தலாம். பெங்களூருக்கு நீயே முந்திக்கொண்டாய்: "அங்க நம்ம சபை ஐயருக்க மருமவ." இப்படி ஒவ்வோர் ஊராக விரல் மடக்கி, இந்தியாவே தீர்ந்துபோனது. சிங்கப்பூரிலிருந்து உன் மகள் ஃபோனில் சொன்னாள், "அப்போ தாய்லாந்து பாப்பம்மா. எனக்கும் வந்து பாக்க வசதி."

இடம் பார்ப்பதில் நாம் ஏமாளிகள் இல்லை. நீச்சல் குளமும் மலைக்காட்சியும் காட்டிய இடங்களை நீ ஒரே தட்டில் தள்ளிவிட்டாய். "குளிக்கவா போறேன்?" மருந்தைச் சட்டென்று நிறுத்துவார்களா, படிப்படியாகக் குறைப்பார்களா, டாக்டர் அங்கேயே தங்குகிறாரா, கூப்பிட்டால் வருகிறவரா, ஏக்கம் வராமல் இருக்க வேறு மருந்து உண்டா, முதுகு வலித்தால் என்ன தருவார்கள். வார்டில் ரவுண்ட்ஸ் போவது மாதிரி நீ கேட்கக் கேட்க நான் எழுதிக்கொண்டேன். நூறு சதம் குணம் என்று சொன்ன இடத்துக்கு நீ கொடுத்த பதில் எழுதத் தகாதது. 'எல்லோருக்கும் ஒரே தடவையில் சரியாகாது, திரும்பி வந்தாலும் நாங்கள் கோபப்பட மாட்டோம்' என்று சொன்ன இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். சரியான இடம்தான். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தப்பு வேறோரிடத்தில். அவர்கள் அனுப்பிய படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'ஊர் திரும்பியதும் உங்களைக் கவனிக்கும் மருத்துவர் யார்? இதை அறிந்த மற்றவர்கள் யார்?' மற்றவர்கள் என்ற இடத்தில் என் பெயரையும் மகள் பெயரையும் எழுதினாய். மருத்துவர் என்ற இடத்தைக் காலியாக விட்டாய். நான் ஏன் என்று கேட்டேன். "அதுக்கில்லியா இம்புட்டு தூரம் போறது? இஞ்ச ஆருக்கும் அறியாண்டாம்" என்றாய். நானும் சரி என்றேன். முப்பது வருடம் நோயாளிகளின் படிவத்தில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பிய இரண்டு பேர், அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அனுப்பினோம்.

நீ மகள் வீட்டுக்குப் போகிறாய் என்று ஊருக்குச் சொன்னோம். ஐயர் வந்து பயண ஜெபம் செய்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு அழுதாய். மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷம் என்றார்கள். நான் காப்பி கலக்க உள்ளே போய்விட்டேன்.

நான்காம் நாள் உன் அழைப்பு வந்தது. குரலில் ஒரே பதற்றம்.

"ஏட்டி, இஞ்சயும் ஒருத்தி இருக்கா!"

"ஆரு?"

"இஞ்ச ஆலோசன தாற கவுன்சிலர். நான் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த இங்கிலீசு பேசினதும், 'அம்மாக்கு நாட்டுல எங்க, கருங்கலா?'ன்னு கேக்கியா. அவளுக்க வீடு மார்த்தாண்டம் பக்கமாம். நான் இப்பமே பொட்டிய கெட்டுதேன்."

நான் சிரித்துவிட்டேன். நீயும் கொஞ்ச நேரம் என்னைத் திட்டிவிட்டுச் சிரித்தாய். உடம்பெல்லாம் முறுக்கிப் பிழிகிற நாட்களில் நீ சிரித்த ஒரே சிரிப்பு அதுதான் என்று பிறகு சொன்னாய். அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்க தம்பிக்கும் இதே தீனம்தான் அம்மா. அவனுக்கு நான் இருந்தேன். உங்களுக்கு நாட்டுல ஆரு இருக்கா?" என்று கேட்டாளாம். என் பெயரைச் சொன்னாயாம். "ஒருத்தி போறாது" என்றாளாம். நீ எனக்கு இதைச் சொன்னபோது, அவளுக்கு என்னைத் தெரியாது என்று நான் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து நீ வந்தாய். இளைத்திருந்தாய், கண் தெளிந்திருந்தது. சாளை மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டு, இரண்டாம் தடவையும் சோறு கேட்டாய். அந்த ஞாயிறு, உறையில் காரணம் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாய். சபைச் செயலர் மேடையில் நின்று வாசித்தார்: "பிரயாணத்தில் பாதுகாத்து வழிநடத்தியதற்காக." பரீட்சையில் தேறியதற்காக, பசு கன்று போட்டதற்காக, விசா கிடைத்ததற்காக, சர்க்கரை குறைந்ததற்காக என்று நம் சபையில் வாசிக்காத காரணம் உண்டா? உன் உண்மைக் காரணம் மட்டும் வாசிக்கப்படவில்லை. வாசலில், தாய்லாந்தில் உனக்குக் கொடுத்த அந்த அட்டையை என்னிடம் தந்தாய். 'இவர் ஓபியாய்டு வகை வலிமருந்துப் பழக்கத்திலிருந்து மீண்டவர். வலிமருந்து கொடுக்கும் முன் இதைக் கவனிக்கவும்.' அடியில் மருத்துவர் பெயருக்கான கோடு, அதுவும் காலி. "எனக்க பர்சில வெச்சா ஆராவது பாப்பாவ. நீ வெச்சுக்கோ" என்றாய். வேதாகம உறைக்குள் வைத்தேன். அங்கே யார் தேடப்போகிறார்கள் என்று என்னைத் தட்டிக்கொடுத்தாய்.

இரண்டு வருடம் நான்கு மாதம் நீ மாத்திரையைத் தொடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் நீ எனக்கு ஒரு வாழைக்குலைப் படம் வரைந்து அனுப்புவாய், ஒரு சீப்பு கூடுதலாக. இருபத்தெட்டாவது படத்தில் குலை பெரிதாகி, சீப்பை எண்ண முடியாமல் நான் உன்னைக் கேலி செய்தேன்.

பிறகு என் மகளுக்குப் பேறுகாலம் வந்தது. மஸ்கட்டுக்குப் போனேன். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். அது உறையோடுதான் போகும் என்று உனக்குத் தெரியும். நீ குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, உன் அட்டை மஸ்கட்டில், பேத்தியின் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அறுவைக்கு முன் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. 'டாக்டர் கேட்டார். எந்த மருந்தும் பிரச்சினை இல்லன்னு சொல்லிட்டேன். மதினியும் ஐயரும் பக்கத்துல நிக்கியாவ.' பார்த்ததும் அழைத்தேன். உன் மதினி எடுத்தார்கள். "அவ மயக்கத்துல இருக்கா. என்ன காரியம்?"

என்ன காரியம் என்று கேட்டார்கள். ஒரு வாக்கியம் போதும். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியம். என் வாயில் வந்துவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கிவிட்டேன். "ஒண்ணுமில்ல மதினி, எழும்பினா கூப்பிடச் சொல்லுங்கோ" என்றேன். ஃபோனை வைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். என் வாழ்நாளில் நான் மிகவும் வெறுக்கிற வாக்கியம் அது.

வீட்டுக்கு வந்ததும் நீ பேசினாய். "பழைய மாத்திரையத்தான் தந்திருக்காவ. பயப்படாத மக்கா, வலிக்குத்தான் எடுக்கியேன். நீ வந்ததும் மிச்சத்த உனக்கிட்ட தாறேன்." நான் டிக்கெட்டை முன்னால் மாற்றினேன். நான் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் காலையில் நீ எழும்பவில்லை. வருடக்கணக்கில் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது நமக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நாமே சொல்லியிருக்கிறோம்! வலி கூடியபோது உன் கை பழைய அளவுக்குப் போய்விட்டது. ஊர், மாரடைப்பு என்றது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நான் அந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். வேத வசனத்தில் ஆறுதல் தேடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஃபோன் அழைப்பையும் சேர்த்து. இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். பிறகு அவளே அழைத்தாள். போன வாரம் நான் அவளிடம் ஒன்று கேட்டேன். அவள் சொன்னாள்: "வாசிக்கட்டும் சித்தி. அம்மா ஜெயிச்சத ஆருமே கேக்கல்லியே."

இதுதான் நான் செய்த காரியம். இன்று காணிக்கை உறையில் உன் பெயரை எழுதி, காரணத்தையும் எழுதினேன். செயலர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பிடியே வாசிக்கவா?"

"எழுத்து ஒண்ணுகூட விடாம வாசியுங்கோ."

வாசித்தார். "மறைந்த நம் சகோதரி வலிமருந்துப் பழக்கத்திலிருந்து மீண்டு, இரண்டு வருடம் நான்கு மாதம் சுகமாய் வாழ்ந்ததற்காக ஸ்தோத்திரம்." உன் மதினி திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

ஆராதனை முடிந்து செருப்புப் போடுவதற்குள் நெய்யூரிலிருந்து ஃபோன். நீ வாய்க்குப் பயந்தாயே, அந்த வகுப்புக்காரிதான். நம் ஊரில் செய்தி நடக்காது, பறக்கும். "ஏட்டி, நெசமா?" என்றாள். ஆம் என்றேன். அவள் வாய் ஓயாது என்றுதானே நினைத்தோம்? ஒன்றும் பேசாமல் அழுதாள். கடைசியில், "எனக்கிட்ட சொல்லியிருந்தா ஆருக்கும் சொல்லாம மூடி வெச்சு வைத்தியம் பாத்திருப்பேனே" என்றாள். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று இருந்தேன். "அண்ணைக்கு ஃபோன்ல இதச் சொல்லத்தானா கூப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். மன்னித்தார்களா என்று தெரியாது. கையை மட்டும் விடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பாட்டுக்குழுவில் உன் வரிசையில் பாடுகிறவள் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா, அவிய எங்க போய்ச் சுகப்பட்டாவ? எனக்க வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரதான். தூரமா ஒரு எடம் வேணும். இஞ்ச ஆருக்கும் அறியாண்டாம்."

உன் குரலேதான்.

"தூரமாப் போறதுன்னாலும் போங்கோ, நல்ல எடம், நானே காட்டித் தாறேன்" என்றேன். "ஆனா போறதுக்கு முன்ன இஞ்ச ஒரு டாக்டருக்குத் தெரியணும். வீட்டுல ரெண்டு பேருக்காவது தெரியணும். நாளைக்கு நெய்யூருக்கு நாம சேந்து போவோம், அங்க எனக்கு ஒருத்தி இருக்கா." அவள் தயங்கினாள். பிறகு எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

காலை எட்டரை பஸ் என்று சொல்லியிருக்கிறேன். உன் அட்டையை இனி உறைக்குள் வைக்கப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. நாளை அதைக் கையோடு கொண்டுபோகிறேன். அடியில் மருத்துவர் பெயர் எழுதாமல் நாம் காலியாக விட்ட அந்தக் கோட்டை அவளுக்குக் காட்ட வேண்டும்.