வலது ஓரத்து இடம்

1979 ஆகஸ்ட் 9, வியாழன்.

கல்லூரிக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஆட ஓர் இடம்தான் காலி. போட்டி எனக்கும் ரஹீமுக்கும். இன்று தேர்வு ஆட்டம். அவன் என்னைவிட வேகக்காரன். ஆனாலும் பந்துக்கு இருவரும் ஓடிய மூன்று முறையும் கடைசி நேரத்தில் அவன் பின்தங்கினான். இடம் எனக்குக் கிடைத்தது.

"கால்ல அடியாடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. இன்னைக்கு நீ நல்லா ஓடுன. நான் வாரேன்" என்றவன், கிளம்பிவிட்ட பஸ்ஸை விரட்டிப் பிடித்து ஏறினான். அம்மாதிரி ஓட்டத்தை மைதானத்தில் காணவில்லையே.

அணியில் சேர்ந்தால்தான் கல்லூரியில் கட்டணச் சலுகை; சேராவிட்டால் படிப்பை நிறுத்தி, கப்பலூர் மில்லில் வேலைக்கு அனுப்பிவிடுவார் அப்பா. போன வாரம் இதை அவனிடம் மட்டும்தான் சொன்னேன்.

நாளை நேராகக் கேட்டுவிட வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?