நீல சிலிண்டர்

திருவொற்றியூர்
14.8.2003

பவானி அப்பாவுக்கு வணக்கம். கால் வீக்கம் வற்றியதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

பட்டறையில் சின்ன விஷயம், பயப்படாதீர்கள். பற்றவைக்கும் இடத்தில் காற்று படாமல் காக்கிற கேஸ் சிலிண்டரை உருட்டி வைப்பது என் வேலை. இரும்புக்குக் கறுப்பு, அலுமினியத்துக்கு நீலம். செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் ஜெகதீசன் அலுமினியத் தொட்டிக்குக் கறுப்பை மாட்டினான். "நீலம்தானே?" என்றேன்.

"இன்னா ஆயா, எனுக்கே கத்துக் குடுக்கிறியா? போய் கூட்டிகினு இரு."

தொட்டி கரி பிடித்து ஆப்பம் மாதிரி ஓட்டையாகிவிட்டது. முதலாளி வந்ததும், "ஆயாதான் மாத்தி வச்சிகீது சார்" என்றான். அவன் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. நம் கல்யாணப் பந்தியில் உங்கள் அக்கா என்னைக் குத்திப் பேசியதை மறக்காதது போல இதையும் மறக்கமாட்டேன்.

முதலாளி, "மேல எழுதிகீதே, படிக்க மாட்டியா? திங்கக்கிழமை படிச்சிக் காட்டு, இல்லன்னா வேற எடம் பாத்துக்க" என்றார். எல்லாம் இங்கிலீஷ். இங்கே யாரைக் கேட்டாலும் ஜெகதீசனிடம் சொல்லிவிடுவார்கள்.

பேத்தி ஷாலுவை 'ஆர்கான்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளை அனுப்புங்கள். நீலத்தில் இருப்பது அதுதான். திங்கட்கிழமைக்குள் வந்து சேராது, தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

குணசுந்தரி