பிந்திய அறிக்கைக்கு அபராதம்

லம்பாசா, 12 ஆகஸ்ட் 1958, செவ்வாய்

தீயில் நிற்காமல் நடந்த நான், இன்று கரும்பு ஆராய்ச்சி ஆபீஸ் படியில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

புது ரகக் கரும்பை எங்கள் வயலில் நட்டுச் சோதித்துப் பார்க்க, விவசாயிகள் எங்களுக்கு இங்கே உரம் தருகிறார்கள். சொன்ன தேதியில் நானே மாதிரி வெட்டி, எடை போட்டு, அறிக்கை தர வேண்டும். பிந்தினால் அடுத்த உரம் கிடையாது. அந்தத் தேதி வருடா வருடம் ஆடித் திருவிழாவுக்குள்தான் விழுகிறது. காப்புக் கட்டிக் கோயிலில் தங்கியவன் வயலுக்கு எப்படிப் போவது? பன்னிரண்டு நாள் பிந்தி, போன வாரம்தான் அறிக்கை கொடுத்தேன். இன்று கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆபீஸர் காசிம் பாய் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அண்ணே, எல்லாருக்கும் ஒரே ரகம்தான். உங்க கரும்புலதான் சக்கரை கூட இருக்கு. மண்ணாலயா, பிந்தி வெட்டினதாலயா?"

"தெரியலையே பாய்."

"அப்ப அதான் உங்களுக்கு அபராதம். அடுத்த வருசம் பாதியைத் தேதிக்கு வெட்டுங்க, பாதியைப் பன்னெண்டு நாள் கழிச்சு வெட்டுங்க. ரெண்டு அறிக்கை வேணும். உரம் நாளைக்கு லாரில வருது."

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். என் மனைவி பாப்பம்மா என்னைவிடச் சிரித்தாள்.

"ஒண்ணையே டைமுக்குக் குடுக்கத் தெரியல. இந்த ஆளுக்கு ரெண்டா!"

உரம் நிற்காமல் வந்தால் அடுத்த வருடமும் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன் என்று, உள்ளே போகும் முன் ஆபீஸ் படியிலேயே அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அதை அவளிடமும் சொல்லவில்லை, பாயிடமும் சொல்லவில்லை.