முப்பத்தோராவது வாரம்

கடலூர், புதுப்பாளையம்
10.12.2004

லியாக்கத் அலி அவர்களுக்கு,

வணக்கம். நம் கிளை நூலகத்தில் பதினேழு ஆண்டு நூலகராக இருந்த சௌந்தரம் எழுதுகிறேன். நீங்கள் புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டிய அறைக்கு எதிர்மேசை. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். உங்கள் முகவரியை நம்மோடு வேலை பார்த்த மலர்க்கொடி தந்தாள்.

போன வாரம் நூலகத்துக்குப் போயிருந்தேன். கணினி வந்துவிட்டதாம். பட்டியல் அட்டைகளை மூட்டை கட்டி வாசலில் போட்டிருந்தார்கள். எழுதாத அட்டைகளையும், நம் ஆண்டுக் கடைசி அட்டைகள் இருந்த பெட்டியையும் கேட்டு வாங்கி வந்தேன்.

டிசம்பரின் கடைசி வேலை நாளில் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்து, அந்த ஆண்டு படித்ததில் மிகவும் பிடித்த ஒரே ஒரு நூலை ஆளுக்கோர் அட்டையில் எழுதி வாசிப்போமே, மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து வரிக்கு மேல் கூடாது. கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். இரண்டும் நான் வைத்த விதிகள். மலர்க்கொடி ஒவ்வோர் ஆண்டும் ஒரு சமையல் நூலையே எழுதிவிட்டு, "கடைசிப் பக்கம் வரைக்கும் சமைச்சே பாத்துட்டேம்மா" என்பாள்.

நீங்கள் மட்டும் 1984 முதல் நான் ஓய்வு பெறும் வரை எட்டு ஆண்டும் பெயரை மட்டும் எழுதி வெற்று அட்டையைக் கொடுத்தீர்கள். அது சோம்பலா, திமிரா என்று நான் கேட்டதில்லை.

என் கணவரும் போய்விட்டார். படித்ததைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆகவே வழக்கத்தைத் தபாலில் தொடரலாம் என்று எண்ணுகிறேன். என் அட்டையும் உங்களுக்கு ஒரு வெற்று அட்டையும் இத்துடன் உள்ளன. நிரப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
சௌந்தரம்
நூலகர் (ஓய்வு)

*

கிள்ளை
30.1.2005

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

லியாக்கத் அலி எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் உயிரோடு இருக்கிறோம். உங்கள் கடிதம் வந்த பத்தாம் நாள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் மனைவி ஆசியா உம்மாள் தலையில் தகரப் பெட்டியோடு வெளியே வருகிறாள். "நகப் பொட்டிய உட்டுட்டு இத ஏன்டி தூக்கினே"ன்னு கேட்டேன். "நக வாங்கிக்கலாம்" என்கிறாள்.

உள்ளே ஒரு புத்தகம்தான். பாயில் போட்டு, ஏடு ஏடாகப் பிரித்து நிழலில் உலர்த்திக்கொண்டிருக்கிறோம். நீங்கள் பார்த்த புத்தகம்தான், அம்மா.

நீங்கள் அனுப்பிய அட்டை ஊறிப்போனதால் வேறு அட்டை வெட்டி அனுப்பியிருக்கிறேன். பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். பழகிவிட்டது, கோபிக்க வேண்டாம். உங்கள் அட்டையை ஆசியாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க, இன்னும் ரெண்டு வரி எழுதினா என்னவாம்" என்றாள்.

தங்கள் அன்புள்ள,
லியாக்கத் அலி

*

கடலூர்
6.1.2008

அன்புள்ள லியாக்கத் அலி அவர்களுக்கு,

நான்காவது வெற்று அட்டையும் வந்து சேர்ந்தது. சிதம்பரத்தில் மகள் ஃபர்ஹீன் வீட்டுக்கே குடிவந்துவிட்டீர்கள் என்றறிந்து மகிழ்ச்சி. உங்கள் மனைவியின் கண் அறுவை நல்லபடி முடிந்ததா? கடிதத்தில் தேதி எழுத மறந்துவிட்டீர்கள்.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத், விடை தெரியாதவள் தெரியவில்லை என்று எழுத வேண்டும், தாளை வெறுமையாகத் தருவது மரியாதையில்லை என்பார். நான் ஏதேனும் தவறு செய்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அட்டையை நிரப்புங்கள்.

சௌந்தரம்
நூலகர் (ஓய்வு)

*

சிதம்பரம்
14.1.2008

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தேதி போட்டுவிட்டேன். தவறு என்ற பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். ஆபரேஷன் முடிந்தது, ஆனால் பொடி எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. அட்டை அடுத்த டிசம்பரிலும் வரும்.

லியாக்கத் அலி

*

கடலூர்
29.1.2012

அன்புள்ள லியாக்கத் அலி,

புயலில் ஓடுகள் பறந்துவிட்டன. முற்றத்துப் பலாமரம் விழுந்து சமையலறைச் சுவரைச் சாய்த்துவிட்டது. முப்பது நாளாகியும் மின்சாரம் வரவில்லை. நான் நலம்.

அட்டைப் பெட்டி நனைந்துவிட்டது. நேற்று அட்டைகளைக் கொடியில் மாட்டி உலர்த்தியபோது ஒன்று கைக்கு வந்தது. 1983. உங்கள் கையெழுத்து: "நூல்: உப்பனாறு தாண்டி. வார இதழில் வந்த தொடர்கதை, ஐம்பத்திரண்டு வாரம். என் மனைவி வெட்டி வைத்தது, நான் கட்டியது. இதில் வரும் வெண்மதியை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்."

அதன் குறுக்கே சிவப்பு மையில் என் கையெழுத்து: "பதிவெண் இல்லாதது நூல் அன்று."

அதை நான் ஏழு பேர் முன்னால் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அதனால் நான் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கவில்லை. எட்டும் எட்டும் பதினாறு வெற்று அட்டைகள் கொடுத்த பிறகுதான் எனக்கு விளங்குகிறது. அன்று நான் செய்தது தவறு.

அந்த நூலைப் பதினான்கு நாள் இரவல் தருவீர்களா?

சௌந்தரம்

*

சிதம்பரம்
8.2.2012

அன்புள்ள அம்மா,

புத்தகத்தை ஃபர்ஹீன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தபாலை நம்ப ஆசியா தயாரில்லை. கொடுக்கவே யோசித்தாள். "அந்தம்மா செவப்பு மையால எதாச்சும் எழுதிட்டாங்கன்னா?" என்றாள். "பென்சில்லகூட எழுத மாட்டாங்க, அவுங்களப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சிதான் பதினாறு வருஷம் வெறும் கார்டு குடுத்தீங்களாக்கும்" என்கிறாள்.

சுவர் கட்டியாயிற்றா? ஓடு வேண்டாம், கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

லியாக்கத் அலி

*

கடலூர்
27.3.2012

அன்புள்ள லியாக்கத் அலி,

தவணை நாள் கடந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் முறை. காரணத்தைச் சொல்கிறேன்.

முப்பதாவது வாரத்தில் வெண்மதி புகுந்த வீட்டை விட்டுச் சிதம்பரம் பேருந்தில் ஏறுகிறாள். முப்பத்திரண்டாவது வாரத்தில் அதே வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். முப்பத்தோராவது வாரம் புத்தகத்தில் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்துக் கட்டி, "இந்த வாரம் கிடைக்கவில்லை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அவளை எது திருப்பிக் கொண்டுவந்தது என்று தெரியாமல் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் தொடர் வந்துகொண்டிருந்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்த இதழ் நனைந்துவிட்டது, நூலகத்தின் பழைய பிரதியைக் கழிக்கும்போது நான்கு பக்கம் மட்டும் தர முடியுமா என்று கேட்டீர்கள். கழித்த இதழ்களை ஊழியர்களுக்குத் தர விதியில்லை என்றேன். அவை எடைக்குப் போயின.

கம்மாபுரத்தில் ராமாமிர்தம் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் பழைய வார இதழ்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருப்பதாக மலர்க்கொடி சொன்னாள். பேருந்து மாறிப் போனேன். இதழ் இருந்தது. இரவல் தர மாட்டாராம், அவருக்கும் விதி இருக்கிறது. அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தேன். பதினொரு தாள். ஆசியா உம்மாளுக்காக எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

நூலையும் தாள்களையும் இத்துடன் மலர்க்கொடி கையில் கொடுத்தனுப்புகிறேன். அத்தியாயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முதலில் சொல்ல வேண்டியவர் ஆசியா உம்மாள்தான்.

சௌந்தரம்

*

சிதம்பரம்
5.4.2012

அன்புள்ள அம்மா,

ஃபர்ஹீன் படிக்க, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். மாமனார் பேருந்து நிலையத்துக்கே வந்துவிடுகிறார். ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் புத்தி சொல்கிறார். வெண்மதி அழுதுகொண்டே அவர் பின்னால் போகிறாள். அவ்வளவுதான்.

ஆசியா தாள்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "இதுக்கா இருவத்தொம்போது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"அந்தம்மா ரெண்டு நாள் உக்காந்து எழுதியிருக்காங்க."

"எழுத்து முத்து முத்தா இருக்கு. கததான் சரியில்ல. நான் நெனச்சிருந்தது வேற."

இத்தனை வருஷத்தில் நான் அவளைக் கேட்டதே இல்லை. கேட்டேன். வெண்மதி சிதம்பரத்தில் இறங்குகிறாள். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து பூரி சாப்பிடுகிறாள். தேரோடும் வீதியில் ஒரு சுற்று நடக்கிறாள். யாரும் தேடி வரவில்லை. அப்போதுதான் பார்க்கிறாள், வீட்டுச் சாவிக்கொத்து இடுப்பிலேயே இருக்கிறது.

"அரிசி டின்னுலேந்து பீரோ வரைக்கும் ஒன்னையும் தொறக்க முடியாம தவிக்கட்டும்னு ஒரு பஸ்ஸ வேணும்னே உட்டுட்டு அடுத்த பஸ்ல வந்தா. அவளா வந்தா. யாரும் கூப்புட்டு வரல" என்றாள்.

அதனால்தான் முப்பத்திரண்டாவது வாரத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். உங்கள் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோபிக்க மாட்டீர்களே?

லியாக்கத் அலி

*

கடலூர்
12.4.2012

அன்புள்ள ஆசியா உம்மாளுக்கும் லியாக்கத் அலிக்கும்,

கம்மாபுரத்தில் பிரதி எடுத்தபோதே எனக்கும் அந்த மாமனாரைப் பிடிக்கவில்லை. அச்சில் வந்ததில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று காலமெல்லாம் சொன்னவள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவர் போன பிறகு ஒரு நாள் நானும் யாரிடமும் சொல்லாமல் பேருந்தேறிச் சிதம்பரம் வந்து, தனியாகப் பூரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். உங்கள் வெண்மதியை எனக்கும் தெரியும்.

ஆசியா உம்மாள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அந்த வெற்றுத் தாளை எடுத்துவிட்டு அதை வைத்துக் கட்டுங்கள். நான் எழுதியது கடைசியில் பின்னிணைப்பாக இருந்தால் போதும்.

என் வீட்டு நூல்களுக்கு இதுவரை பதிவேடு போட்டதில்லை. இன்று போட்டேன். முதல் பதிவு "உப்பனாறு தாண்டி". இருக்குமிடம்: சிதம்பரம், ஆசியா உம்மாள் வசம்.

வழக்கமான அட்டை ஒன்று உள்ளே இருக்கிறது. எப்போது நிரப்பினாலும் சரி. நிரப்பாவிட்டாலும் சரி.

உங்கள்,
சௌந்தரம்

*

[அட்டை]

28.12.2012 – லியாக்கத் அலி
நூல்: உப்பனாறு தாண்டி. பதிவெண்: 1.
முப்பத்தோராவது வாரம் எழுதியவர்: ஆசியா உம்மாள்.
இந்த ஆண்டு எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்தது இதுதான்.
கடைசிப் பக்கம் வரை படித்தாயிற்று.
இது ஆறாவது வரி, அம்மா. சிவப்பு மை இருந்தால் அடித்துக்கொள்ளுங்கள்.