ஐந்து கதிரைகளுக்குப் பின்னால்

லாசால், மொன்ட்ரியால்
ஞாயிறு காலை

மகள் மெலனி,

நீ விளையாடவில்லை. போன வருடமும் விளையாடவில்லை, இந்த வருடமும் விளையாடவில்லை, விளையாடுகிறேன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டு சாவோ பாவுலோவில் அந்த அணிக்காரரின் வீட்டில் எடுபிடி வேலை செய்கிறாய். இதை நான் கேள்வியாக எழுதவில்லை. இனி முறைப்படி சுகம் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் தம்பி றொசானும் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம், நீயும் உடம்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன், அவவும் உன்னைப் போலத்தான், பதில் சொல்வதில்லை. ஏன் இந்த அம்மா கடதாசியில் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் எதைக் கேட்டாலும் நீ ஒரு சிவப்பு இதயம் அனுப்புகிறாய். சாப்பிட்டாயா என்றால் இதயம், சம்பளம் தருகிறார்களா என்றால் இதயம், எப்போது வருகிறாய் என்றால் இரண்டு இதயம். கடதாசிக்கு அப்படிப் பதில் போட முடியாது. அதோடு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும். அந்த வீட்டில் இதை வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

நேற்று உங்கள் கொம்பியூட்டர் விளையாட்டுப் போட்டியைத் தம்பி பெரிய ரீவியில் போட்டுவிட்டான். ஐந்து பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள், புகை விட்டார்கள், வெளிச்சம் அடித்தார்கள், உன் பெயர் வரவில்லை. பிறகு கமெரா அந்த ஐந்து கதிரைகளுக்கும் பின்னால் போனது, அங்கே நீ நின்றாய். அவர்கள் போட்டிருந்த அதே சட்டை, ஆனால் முதுகில் பெயரில்லை. கையில் தண்ணீர்ப் போத்தல்கள். ஒருத்தன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான், நீ அதில் ஒரு போத்தலை வைத்தாய். அப்பா "அங்கை பிள்ளை, அங்கை பிள்ளை" என்று எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய்விட்டார். தம்பி, அக்கா கோச்சாக இருக்கும் என்றான். கோச் கோட்டுப் போட்டுக்கொண்டு காதில் எதையோ மாட்டிக்கொண்டு அங்கால் நின்றதை அவனும்தான் கண்டான். அப்பா விடவில்லை, "தண்ணி குடுக்கிறதும் ரீமிலை ஒரு பொறுப்புத்தானே செலீன்" என்று என்னைப் பார்த்தார். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் பக்ரறியில் வேலைக்கு நிற்கிறவள். ஒருத்தி எந்த வேலைக்கு நிற்கிறாள் என்று அவள் நிற்கிற நிலையே எனக்குச் சொல்லிவிடும்.

அந்தப் போட்டியின் கதை அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. முதல் வருடம் அது சாவோ பாவுலோவில் ஒரு கடைத்தொகுதிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் நடந்தது. நாடு முழுவதற்குமான போட்டி என்று பெயர், ஆனால் மேடையில் சாப்பாட்டுக்கடைப் பிளாஸ்டிக் கதிரைகள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்தால் போதும், யாரும் பதியலாம். வடக்கிலிருந்து பிள்ளைகள் கீபோட்டைப் படுக்கைவிரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். இறுதியாட்டத்தில் கரண்ட் போனது, அவ்வளவு சனமும் போன் லைற்றைப் பிடித்துக்கொண்டு கரண்ட் வருமட்டும் பாடினார்கள். நீ எங்கள் குசினி மேசையில் இருந்து அதைப் பார்த்து, பிறேம் போட்ட படத்தைப் பிடிப்பதுபோல லாப்ரொப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, பாருங்கோ, ஆர் வேணுமெண்டாலும் வரலாமாம்" என்றாய். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த உன்னிடம் இந்த ஊர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் வருடம் அவர்களுக்கு ஆட்கள் போதவில்லை, வெளிநாட்டுக்காரரையும் சேர்க்கலாம் என்றார்கள், அந்த ஒத்தாவியோ தன் அணிக்கு உன்னைக் கூப்பிட்டான். பிரெஞ்சை வைத்துக்கொண்டு போர்த்துக்கீசும் பிடித்துவிட்டாய். நான் போகாதே என்றேன், நீ போனாய், அதில் எனக்குக் கோபமில்லை, உன் வயதில் நான் உன்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இதே ஊரில் வேலை தேடி அலைந்தவள், எனக்கு அப்படியொரு கதவு திறந்திருந்தால் நானும் போயிருப்பேன். அந்த வருடம் நீ உண்மையாகவே விளையாடினாய். அரையிறுதியன்று தமிழ்ப் பூசை முடிய, கோயில் மண்டபத்தைப் பார்க்கிற நீக்கிலாப்பிள்ளை அண்ணை, செத்தவீட்டுக்குப் படம் காட்டுகிற புரொஜெக்ரரைக் கொண்டுவந்து வைத்தார். திரையில் மனிதரைக் காணோம், எல்லாம் கொம்பும் சிறகும் முளைத்தவை. "இதுக்குள்ளை எங்கடை பிள்ளை எது?" என்று எல்லோரும் கேட்டார்கள். பச்சை வட்டம் போட்டது அக்கா, மற்றவை சாகாமல் காப்பாற்றுவதுதான் அக்காவின் வேலை என்று தம்பி ஓடி ஓடிக் காட்டினான். அக்னெஸ் மாமி நீ செத்த நேரமெல்லாம் கைதட்டினா. தோற்றீர்கள், ஆனாலும் அந்தக் கூடாரத்துச் சனம் உன் பெயரைக் கத்தியது, மண்டபத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள், மெலனீ மெலனீ என்று, எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சனம் கூடினால் பணக்காரன் வருவான், வந்தான். மூன்றாம் வருடம் இனிப் பதிவு இல்லை, நிரந்தர அணிகள் மட்டும்தான், வேண்டுமென்றால் இடத்தை வாங்கு என்று கதவைச் சாத்தினார்கள். பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் வெளியே. கரண்ட் போனபோது பாடின சனம் இப்போது உள்ளே போகக் காசு கொடுத்து ரிக்கற் எடுக்கவேண்டும். ஒத்தாவியோ ஒரு முதலாளியைப் பிடித்து இடத்தை வாங்கினான், முதலாளி தன்னுடைய ஐந்து பெடியன்களைக் கொண்டுவந்து இருத்தினான். பழைய ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். உனக்கு மட்டும், பொறு, பெண்களுக்குத் தனிப் போட்டி வரப்போகிறது, அதுவரை அணி வீட்டில் இரு என்று சொன்னானாம். நீயே சந்தோஷமாகச் சொன்னாய். ஆண்களின் பெயரைக் கத்தின அதே கூடாரத்தில் உன் பெயரையும் கத்தினார்களே, அப்போது தனிப் போட்டி தேவைப்படவில்லை, காசு வந்த பிறகுதான் நீ பெண் என்பது அவர்களுக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தத் தனிப் போட்டி இன்னும் வரவில்லை, வராது. எனக்கு இது புதிதில்லை. எங்கள் மரக்கறி வெட்டுகிற பக்ரறிக்கு முதலில் ஆளில்லாமல் மெற்றோ வாசலில் வானை நிறுத்தி வா வா என்று ஏற்றினார்கள். இப்போது எங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வருடத்துக்கு ஒருதரம் கொம்பனிப் பெயரை மாற்றுகிறான், எங்களில் யாரும் நிரந்தரமாகிவிடக் கூடாதென்று. பக்கத்தில் நிற்கிற ஹெயிற்றிக்காரி, தன் பிள்ளைகள் வளர்ந்தே விட்டார்கள், தான் இன்னும் புது ஆள் என்று சிரிக்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வது.

இப்போது பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ போய் இறங்கின கிழமை ஒத்தாவியோ விசா வேலைக்கென்று பாஸ்போர்ட்டைக் கேட்டான், நீ வீட்டுக்குப் போன் எடுத்தாய், நான் வேலையில், அப்பா எடுத்தார். "குடு பிள்ளை, கூட்டிக்கொண்டு போறவன்தான் பாஸ்போட்டை வச்சிருப்பான், அதுதான் முறை" என்றிருக்கிறார். நான் வந்து சண்டை பிடித்தபோது, "ஏஜென்சிக்காரனிட்டைப் பாஸ்போட் குடுக்காமல் ஆரடியப்பா வெளிநாடு வந்தது?" என்று என்னையே கேட்டார். அவர் பாங்கொக்கில் மாதக்கணக்காக ஒரு அறைக்குள் கிடந்து, யாரோ ஒருவனின் பெயரில் வந்தவர். பிளேனுக்குள் வைத்து அந்தப் பாஸ்போர்ட் புத்தகத்தையும் ஏஜென்சிக்காரன் திருப்பி வாங்கிக்கொண்டான். அவருக்கு அது ஒரு தொழில்முறை, அந்த முறையால்தான் தப்பினோம் என்று இன்றைக்கும் நம்புகிறார். ஆனால் நீ உன் சொந்தப் பெயரில், முன்வாசலால், கனடாப் பிள்ளையாகப் போனவள். பெயரில்லாமல் வந்த மனிதன் பெயரிருந்த பிள்ளைக்குச் சொன்ன புத்தி அது. அத்தோடு நிற்கவில்லை, நத்தார்ப் பண்டிகைக்கு அந்த ஒத்தாவியோவுக்கு ஒரு போத்தல் மேப்பிள் பாணியும் அனுப்பினார், பிள்ளையை நல்லாப் பார்க்கட்டும் என்று. போன கோடையில் அக்னெஸ் மாமியின் மகள் ஜென்சியின் கலியாணத்துக்கு உனக்கு ரிக்கற் போட பாஸ்போர்ட் நம்பர் கேட்டோம். "அவரிட்டை இருக்கு, பேந்து தாறன்" என்றாய். கலியாணம் முடிந்து ஜென்சி இப்போது முழுகாமலும் இருக்கிறாள், பிள்ளை பிறக்கப்போகிறது. உன்னுடைய பேந்து இன்னும் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அங்கேயுள்ள கனடாத் தூதரகக் கந்தோருக்குப் போன் எடுத்தேன், தம்பி பிரெஞ்சில் கதைத்தான், அவ வயது வந்தவ, அவதான் எங்களோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். எங்கள் தொகுதி எம்.பி.யின் கந்தோருக்கும் போனேன், ஒரு சின்னப் பெட்டை பொன்ஜூர் சொல்லி, எல்லாம் எழுதி எடுத்து, மெர்சி சொல்லி அனுப்பினாள், அவ்வளவுதான். ரொக்ஸ்பரோவிலிருந்து மாமி ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து "எங்கடை ஷம்பியன் என்ன செய்யிறா?" என்று கேட்கிறா, குத்திக் கேட்கிறாவா உண்மையாகக் கேட்கிறாவா என்று அவவுக்கே தெரியாது. நான், விளையாடுகிறாள் என்கிறேன், வேறென்ன சொல்ல. தம்பி இப்போது கொம்பியூட்டரைத் தொடுவதில்லை. உன்னுடைய ஹெட்செற்றைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டான், ஏனென்று கேட்டால் படிக்கவேண்டும் என்கிறான், படிக்கிறதையும் காணவில்லை. வீட்டுக்காரன் ஹீற்றரைத் திருத்தவில்லை, உன் அறையைச் சாத்தி வைத்திருக்கிறோம், குளிர் அங்கேதான் அதிகம்.

வந்தால் அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். ஒன்றுமில்லை. பொய் சொல்ல மாட்டேன். குளிரான அறை இருக்கிறது, மாமியின் வாய் இருக்கிறது, என்னோடு பக்ரறி வானில் ஏறி வர ஒரு இடம் இருக்கும், அந்த இடம் எப்போதும் இருக்கும். அதற்காகத்தான் நீ அங்கே நின்று போத்தல் கொடுக்கிறாய் என்பதும் எனக்கு விளங்குகிறது. தோற்றுப்போய் வந்தாள் என்று சனம் சொல்லும் என்று பயப்படுகிறாய். நீ தோற்றது அரையிறுதியில் மட்டும்தான், அதற்குப் பிறகு உன்னை விளையாடவே விடவில்லை, அதைத் தோல்வி என்று யார் சொன்னாலும் முகத்துக்கு நேரே கேட்பேன். ஆனால் பாஸ்போர்ட் இல்லாதவளுக்கு இருக்கவும் முடியாது வரவும் முடியாது. இருப்பதென்றாலும் உன் புத்தகம் உன் கையில் இருக்க இரு. அவனிடம் கேள். தராவிட்டால் கனடாக் கந்தோருக்கு நடந்து போ, உன்னிடம் இல்லை என்று சொல், அவர்கள் வேறு கடதாசி தருவார்களாம், ஆனால் நீதான் போகவேண்டும், நான் இங்கிருந்து உன் காலாக நடக்க முடியாது. நீ கேட்பாய் என்று எனக்கு நம்பிக்கை குறைவு. கேட்டாலும் அவன் சிரித்துவிட்டு, அடுத்த மாதம் பார்ப்போம் என்பான், நீயும் எங்களுக்கு ஒரு இதயம் அனுப்புவாய். அப்படியிருந்தும் எழுதுகிறேன்.

இன்றைக்கும் உங்களுக்கு ஆட்டம் இருக்கிறதென்று தம்பி சொன்னான். காலையில் உனக்குக் குரலில் ஒரு செய்தி விட்டிருக்கிறேன், தமிழில்தான், யாருக்கும் விளங்காது, அதில் சொன்னது இதுதான். கமெரா பின்னால் வரும்போது கழுத்தில் போட்டிருக்கிற சங்கிலியை ஒருதரம் கையால் பிடி. பிடித்தால், பாஸ்போர்ட்டைக் கேட்கப்போகிறாய் என்று எடுத்துக்கொள்வேன். வேறொன்றும் செய்யவேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவர்கள் தின்று மிச்சம் வைத்ததைத் தின்னாதே. அறைக் கதவைப் பூட்டிப் படு. ஜென்சிக்கு ஒரு வார்த்தை எழுது, அவள் உன்னை விசாரிக்கிறாள். மாதா உன் தலையில் கை வைத்திருக்கட்டும், அப்பாவின் ஆசீரும் என்னுடையதும் உன்னோடு இருக்கட்டும். பாஸ்போர்ட்டை மறக்காதே.

உன்னைப் பெற்ற,
செலீன் அம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்து ஆட்டத்தைப் பார்த்தோம். காலைச் செய்தியை நீ கேட்டுவிட்டாய் என்று போன் காட்டுகிறது, இந்தமுறை இதயம்கூட வரவில்லை. கமெரா வந்தது. நீ நேரே அதைப் பார்த்தாய், எங்களைப் பார்த்ததுபோலவே இருந்தது. அப்பா "பிடி பிள்ளை, பிடி" என்று ரீவியைப் பார்த்துச் சொன்னார். உன் இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, கமெரா அங்கால் போகுமட்டும் அப்படியே நின்றாய். அடுத்த சனிக்கிழமையும் பார்ப்போம். போத்தலைக் கீழே வை, மெலனி.